ஆபரேஷன் மேசையில் சுகர் ஏறுவது மயக்க மருந்தாலா, அறுவையின் அழுத்தத்தாலா?

செவோ_சந்தேகம்

சர்க்கரை நோயே இல்லாத ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் வெறும் வயிற்றில் 95. செவோஃப்ளுரேன் என்ற வாயு மயக்க மருந்தில் வைத்து, வயிற்றைத் திறந்து ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 150. டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ் கரைசல்) ஒரு சொட்டுகூட ஏற்றவில்லை. இந்த 55 எங்கிருந்து வருகிறது? வாயு மயக்க மருந்துகள் இன்சுலின் சுரப்பைத் தடுக்கும் என்று ஒரு அத்தியாயத்தில் படிக்கிறோம். அறுவையின் அழுத்தம்தான் காரணம் என்று இன்னொன்றில் படிக்கிறோம். எது பெரியது? சர்க்கரை நோயாளிக்கு வாயுவே வேண்டாம், முழுக்க சிரை வழியாகக் கொடுக்கும் புரோப்போஃபாலிலேயே நடத்தலாம் என்று சொல்வதில் பொருள் இருக்கிறதா?

(இந்த இழையில் சுகர் எண்கள் எல்லாம் மி.கி./டெசிலிட்டர். மில்லிமோலில் பார்க்கிறவர்கள் 18ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்.)

பீட்டாசெல்

இரண்டும்தான் காரணம், ஆனால் சம பங்கு கிடையாது. மருந்தின் பங்கை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ரத்தத்தில் குளுக்கோஸ் கூடினால் அது கணையத்தின் பீட்டா செல்லுக்குள் நுழைந்து, குளுக்கோகைனேஸ் என்ற நொதி வழியாக எரிந்து, செல்லின் எரிசக்தி மூலக்கூறான ஏடிபியைக் கூட்டும். ஏடிபி கூடியதும் செல் சுவரில் உள்ள கே-ஏடிபி என்ற பொட்டாசியம் வாயில்கள் மூடும். பொட்டாசியம் வெளியேற முடியாமல் செல்லின் மின்னழுத்தம் மாறும், கால்சியம் வாயில் திறக்கும், கால்சியம் உள்ளே பாய்ந்ததும் இன்சுலின் வெளியே வரும். சல்ஃபோனைல்யூரியா மாத்திரைகள் மூடிவிடுவது இதே பொட்டாசியம் வாயிலைத்தான். செவோஃப்ளுரேனும் ஐசோஃப்ளுரேனும் நேர் எதிராக வேலை செய்கின்றன. மூட வேண்டிய வாயிலைத் திறந்தபடியே வைக்கின்றன. சுகர் ஏறினாலும் செல்லுக்குச் செய்தி சரியாகப் போவதில்லை.

இதில் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, வாயுவை நிறுத்தியதும் இந்தத் தடை நீங்கிவிடும். செல்லுக்குச் சேதம் எதுவும் இல்லை. இரண்டு, செவோவுக்கும் ஐசோவுக்கும் இந்த விஷயத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஒன்றை விட்டு மற்றொன்றுக்கு மாறிப் பயனில்லை. மூன்று, இதுதான் உங்கள் கேள்விக்கு முக்கியம்: வெறும் வாயு மட்டும் கொடுத்து, கத்தி வைக்காமல், குளுக்கோஸும் ஏற்றாமல் இருந்தால் சுகர் அவ்வளவாக நகராது. இன்சுலின் குறைபாடு வெளியே தெரிவது குளுக்கோஸ் சுமை வரும்போதுதான். அந்தச் சுமை டெக்ஸ்ட்ரோஸ் பாட்டிலிலிருந்தும் வரலாம், நோயாளியின் சொந்தக் கல்லீரலிலிருந்தும் வரலாம்.

தண்டுவட_ஊசி

அந்தக் கல்லீரல் சுமை பற்றி நான் தொடர்கிறேன்.

தோலில் கத்தி பட்டதும் வலி நரம்புகள் வழியாக ஹைப்போதலாமஸுக்குச் செய்தி போகிறது. கார்ட்டிசால், அட்ரினலின், நார்அட்ரினலின், குளுக்ககான், வளர்ச்சி ஹார்மோன் எல்லாம் ஏறுகின்றன. கல்லீரலில் கிளைக்கோஜன் உடைகிறது, புரதத்திலிருந்தும் லாக்டேட்டிலிருந்தும் புது குளுக்கோஸ் தயாராகிறது. தசையும் கொழுப்பும் இன்சுலினுக்குச் செவிசாய்ப்பதைக் குறைத்துக்கொள்கின்றன. இந்தக் கொந்தளிப்பில் இன்சுலின் கூடியாக வேண்டும். வாயுவும், அட்ரினலின் பீட்டா செல்லின் ஆல்பா-2 ஏற்பியைப் பிடிப்பதும் சேர்ந்து அதைக் கூடவிடாமல் பிடிக்கின்றன. உங்கள் 55இன் பெரும்பகுதி கல்லீரலிலிருந்து வந்தது என்பேன். வாயு அதை அடக்க விடாமல் செய்தது.

இதற்குச் சான்று நரம்பு மரப்பில் கிடைக்கிறது. இடுப்புக்குழியிலோ காலிலோ ஆபரேஷன் என்றால், கத்தி வைக்கும் முன்பே எபிடியூரலில் (முதுகில், தண்டுவட உறைக்கு வெளியே போடும் மரப்பு ஊசி) டி4 முதல் எஸ்5 வரை, அதாவது மார்பு மட்டத்திலிருந்து கீழே முழுவதும், மரக்கவைத்துவிட்டால் கார்ட்டிசால் ஏற்றமும் சுகர் ஏற்றமும் பெரும்பாலும் வருவதே இல்லை. "முன்பே" என்பதை அழுத்திச் சொல்கிறேன். மேல்வயிறு, மார்பு ஆபரேஷன்களில் அதே அளவு தடுப்பு கிடைக்காது, ஏனென்றால் வேகஸ், ஃப்ரெனிக் நரம்புகள் வழியாகச் செய்தி போய்க்கொண்டேதான் இருக்கும்.

ஃபென்டனில் என்ற வலுவான வலிநிவாரணியும் அப்படித்தான். கிலோவுக்கு 50 மைக்ரோகிராம் என்ற பெரிய அளவைத் தொடக்கத்திலேயே கொடுத்தால் இடுப்புக்குழி ஆபரேஷனில் ஹார்மோன் ஏற்றமும் சுகர் ஏற்றமும் அடங்கிவிடும். ஆனால் அதற்கு விலையாக மணிக்கணக்கில் மூச்சு அடங்கிக் கிடக்கும், வெண்டிலேட்டரில் வைத்திருக்க வேண்டிவரும். ஆபரேஷன் தொடங்கி ஒரு மணி நேரம் கழித்துக் கொடுத்தால் ஹார்மோன் பக்கம் பெரிய மாற்றம் வராது. சுகருக்காக யாரும் இந்த அளவு ஃபென்டனில் கொடுக்கக் கூடாது. காரணம் எது என்பதைப் புரிந்துகொள்ள மட்டும் இந்தத் தகவல்.

செவோ_சந்தேகம்

நன்றி சார். மற்ற மருந்துகளையும் ஒரு சுற்று சொல்லிவிட்டால் நன்றாக இருக்கும். இட்டோமிடேட்டும் டெக்ஸ்மெடெட்டோமிடினும் எந்தப் பக்கம் என்று குழப்பமாக இருக்கிறது.

இரவுப்பணி

புரோப்போஃபால்: பீட்டா செல்லை வாயு அளவுக்குத் தடுப்பதில்லை. அதே ஆபரேஷனுக்கு வாயுவை விட சுகர் சற்றுக் குறைவாகவே ஏறுகிறது. ஆனால் இது 10 சதவீதக் கொழுப்புக் குழம்பில் வருகிறது என்பதை மறக்காதீர்கள். ஒரு மி.லி.க்கு 1.1 கிலோகலோரி. தீவிர சிகிச்சையில் மணிக்கு 20 மி.லி. ஓடினால் ஒரு நாளைக்கு 528 கிலோகலோரி, அத்தனையும் கொழுப்பு. உணவுக் கணக்கில் அதைக் கழிக்காமல் முழு ஊட்டமும் கொடுத்தால் ட்ரைகிளிசரைடும் ஏறும், சுகரும் ஏறும். இரண்டு மணி நேர ஆபரேஷனில் இதற்கு மதிப்பில்லை.

இட்டோமிடேட்: அட்ரினல் சுரப்பியில் 11-பீட்டா-ஹைட்ராக்சிலேஸ் நொதியைத் தடுத்து கார்ட்டிசால் தயாரிப்பை நிறுத்துகிறது. ஒரே ஒரு தூக்க டோஸுக்கே 6 முதல் 12 மணி நேரம் நீடிக்கும், மோசமான நிலையில் உள்ளவர்களிடம் ஒரு நாளையும் தாண்டும். சுகர் ஏற்றத்தைக் கொஞ்சம் குறைக்கும்தான். அதை நன்மை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. செப்சிஸில் இருப்பவருக்கு கார்ட்டிசால் இல்லாமல் போவது சுகர் 30 ஏறுவதை விடப் பெரிய கேடு.

கெட்டமின்: சிம்பதெட்டிக் நரம்புகளைத் தூண்டும், எனவே ஏற்றும் பக்கம். வலிக்காகக் கொடுக்கும் சின்ன டோஸில் கண்டுகொள்ள வேண்டியதில்லை.

மிடசோலம்: கார்ட்டிசாலைத் தூண்டும் ஏசிடிஹெச் ஹார்மோன், கார்ட்டிசால் இரண்டையும் கொஞ்சம் தணிக்கும்.

டெக்ஸ்மெடெட்டோமிடின், குளோனிடின்: குழப்பம் நியாயமானதுதான், ஏனென்றால் இவை இரண்டு திசையில் இழுக்கின்றன. பீட்டா செல்லில் உள்ள ஆல்பா-2 ஏற்பியைப் பிடித்து இன்சுலினைக் குறைக்கும். அதே வேளையில் மூளையிலிருந்து வரும் சிம்பதெட்டிக் ஓட்டத்தைத் தணித்து அட்ரினலினைக் குறைக்கும். அழுத்தம் அதிகமுள்ள ஆபரேஷனில் இரண்டாவது விளைவே வெல்லும். சுகர் ஏறாது, சற்றுக் குறைவாகக்கூட இருக்கும். அழுத்தமே இல்லாத இடத்தில் முதல் விளைவு தலைகாட்டலாம்.

ஆக, தூங்கவைக்கும் மருந்துகளில் எதுவும் தனியாக சுகரை 300க்குக் கொண்டுபோகாது. 300 வந்தால் வேறு எதையோ தேடுங்கள்: டெக்ஸாமெதாசோன் என்ற ஸ்டீராய்டு, டெக்ஸ்ட்ரோஸ், அட்ரினலின் இன்ஃப்யூஷன், காலையில் போடாமல் விட்ட இன்சுலின், கண்டுபிடிக்காத சர்க்கரை நோய், தொற்று.

ஆய்வுக்கூடம்_3

மனிதரில் இப்படி. எலிகளில் கதை வேறு, அதை மனிதருக்கு அப்படியே எடுத்துவராதீர்கள். கெட்டமின்-சைலசின் கலவை ஆய்வுக்கூடங்களில் மிகப் பரவலாகப் பயன்படுவது. சைலசின் ஆல்பா-2 மருந்து. எலியிலும் சுண்டெலியிலும் இந்தக் கலவை சுகரைத் தாறுமாறாக ஏற்றிவிடும். அந்த நிலையில் குளுக்கோஸ் டாலரன்ஸ் டெஸ்ட் செய்தால் நீங்கள் அளப்பது விலங்கின் வளர்சிதை மாற்றத்தை அல்ல, சைலசினை. அதனால் முடிந்தவரை மயக்கமில்லாமல், கையில் பிடித்துப் பழக்கிய விலங்கில், வால் நுனி ரத்தத்தில் செய்யுங்கள். மயக்கம் கட்டாயம் என்றால் ஒப்பீட்டுக் குழு அத்தனைக்கும் அதே மருந்து, அதே டோஸ், அதே நிமிடக் கணக்கு இருக்க வேண்டும். முதல் சாம்பிளை மயக்கத்துக்கு முன்பே எடுத்துவிடுங்கள்.

எஃப்டிஜி (கதிரியக்கம் ஏற்றிய, குளுக்கோஸ் போன்ற பொருள்) பெட் ஸ்கேன் செய்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை. ரத்தத்தில் குளுக்கோஸ் கூடினால் அது எஃப்டிஜியோடு போட்டி போடும், கட்டி மங்கலாகத் தெரியும். பட்டினி, வெதுவெதுப்பு, ஐசோஃப்ளுரேன் என்ற சேர்க்கை கெட்டமின்-சைலசினை விட எவ்வளவோ மேல்.

கால்நடை மருத்துவத்தில் இதே குணத்தை நல்ல வழிக்கும் பயன்படுத்துகிறார்கள். இன்சுலினைச் சுரக்கும் இன்சுலினோமா கட்டி உள்ள நாய்க்கு மெடெட்டோமிடின் கொடுத்தால் இன்சுலின் சுரப்பு அடங்கி, மேசையில் சுகர் விழாமல் இருக்க உதவுகிறது.

சலைன்_பாட்டில்

தியேட்டர் நர்ஸ் பக்கத்திலிருந்து ஒரு கேள்வி. சர்க்கரை நோயாளிக்கு ரிங்கர் லாக்டேட் போடக் கூடாது, லாக்டேட் குளுக்கோஸாக மாறிவிடும் என்று சில டாக்டர்கள் பாட்டிலை மாற்றச் சொல்கிறார்கள். இது எவ்வளவு உண்மை?

பீட்டாசெல்

கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். ஒரு லிட்டர் ரிங்கர் லாக்டேட்டில் 28 மில்லிமோல் லாக்டேட். இரண்டு லாக்டேட் சேர்ந்தால்தான் ஒரு குளுக்கோஸ். அத்தனையும் மாறினாலும் 14 மில்லிமோல், அதாவது சுமார் 2.5 கிராம். அதுவும் ஒரே நொடியில் மாறுவதில்லை. 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 500 மி.லி.யில் 25 கிராம் இருக்கிறது, பத்து மடங்கு. ரிங்கர் லாக்டேட்டைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

பயப்பட வேண்டியது கண்ணில் படாத டெக்ஸ்ட்ரோஸைப் பார்த்து. மருந்து கலந்து வரும் 100 மி.லி. பையைத் திருப்பி லேபிளைப் படியுங்கள். 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் என்றால் 5 கிராம் போகிறது. சுமார் 70 கிலோ ஆளுக்கு ஒரு கிராம் குளுக்கோஸ் 4 அளவுக்கு ஏற்றும் என்ற தோராயக் கணக்கில் அது 20. இப்படி மூன்று பைகள் போனால் 60. சேமித்து வைத்த ரத்தப் பையிலும் குளுக்கோஸ் கலந்துதான் இருக்கும்.

செவோ_சந்தேகம்

இரவுப்பணி சார் டெக்ஸாமெதாசோனை முதலில் எழுதியிருக்கிறார். வாந்தி வராமலிருக்க 8 மி.கி. எல்லோருக்கும் போடுகிறோமே. சர்க்கரை நோயாளிக்கு நிறுத்திவிடுவது நல்லதா?

நாளமில்லி

சுகரை ஏற்றும் என்பதில் சந்தேகம் இல்லை. ஏறும் நேரம்தான் பலர் தவறவிடுவது. மேசையில் இருக்கும்போது பெரிதாகத் தெரியாது, வார்டுக்குப் போன பிறகு அன்று மாலையும் இரவும்தான் உச்சம் வரும். ரெக்கவரியில் 160 பார்த்துவிட்டு நிம்மதியாக அனுப்பினால் இரவு பத்து மணிக்கு 290 என்று ஃபோன் வரும். எனவே டெக்ஸாமெதாசோன் போட்ட சர்க்கரை நோயாளிக்கு 24 மணி நேரமும் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை பாருங்கள், வார்டு குறிப்பில் அதை எழுதி அனுப்புங்கள்.

நிறுத்த வேண்டுமா என்றால், காயத்தில் தொற்று கூடும் என்பதுதான் பழைய பயம். 2021இல் வெளிவந்த பாடி என்ற பெரிய ஆய்வில் 8 மி.கி. ஒற்றை டோஸ் அப்படித் தொற்றைக் கூட்டவில்லை, சர்க்கரை நோயாளிகளிடமும் கூட்டவில்லை. என் கருத்து: ஓரளவு கட்டுப்பாட்டில் உள்ள டைப் 2 நோயாளிக்கு வாந்தி ஆபத்து அதிகம் என்றால் 4 மி.கி. தாராளமாகக் கொடுக்கலாம். வாந்தியெடுத்துச் சாப்பிடாமல் கிடந்தால் அவருடைய இன்சுலின் கணக்கு அதைவிட மோசமாகக் குழம்பும். காலையில் 250க்கு மேலே வந்தவருக்கு வாந்தித் தடுப்பு மருந்தான ஒண்டான்செட்ரானும் புரோப்போஃபாலும் போதும், ஸ்டீராய்டு வேண்டாம்.

தண்டுவட_ஊசி

புரோப்போஃபாலா வாயுவா என்ற முதல் கேள்விக்கு இங்கேயே என் பதில்: சுகருக்காக மட்டும் வாயுவை விட்டுப் போகாதீர்கள். வித்தியாசம் இருக்கிறது, ஆனால் சின்னது. நல்ல வலித்தடுப்பும் மணிக்கொரு அளவீடும் அதை விழுங்கிவிடும். வாந்தி ஆபத்து அதிகம் என்றால் புரோப்போஃபாலுக்குப் போங்கள், கூடவே ஸ்டீராய்டையும் தவிர்க்கலாம். அங்கேதான் உண்மையான லாபம். காலிலோ கண்ணிலோ கையிலோ ஆபரேஷன் என்றால் மயக்கமே இல்லாமல் மரக்கவைப்பதுதான் என் முதல் தேர்வு. அழுத்தம் அடங்கும் என்பது மட்டுமல்ல, சுகர் இறங்கினால் நோயாளியே "படபடப்பா இருக்கு" என்று வாய்விட்டுச் சொல்வார்.

பீட்டாசெல்

கொஞ்சம் மாறுபடுகிறேன். ஐந்தாறு மணி நேரம் நீளும் வயிற்று ஆபரேஷன், மோசமான கட்டுப்பாடு, எபிடியூரல் போட முடியாத நிலை என்றால் புரோப்போஃபாலுடன் ரெமிஃபென்டனில் சேர்த்து நடத்துவதில் சுகர் வளைவு அடங்கியே இருக்கும். இன்சுலினும் குறைவாகத் தேவைப்படும். சின்ன வித்தியாசம் என்று முழுவதும் தள்ளிவிட வேண்டாம். மற்ற எல்லாவற்றிலும் உங்களோடு உடன்படுகிறேன்.

செவோ_சந்தேகம்

சரி, மேசையில் 240 வந்துவிட்டது. என்ன செய்வது, எந்த அளவில் நிறுத்துவது? படிப்படியாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

இரவுப்பணி

குறி 100 முதல் 180 வரை. அதைவிட இறுக்கிப் பிடிக்காதீர்கள். 2009இல் வந்த நைஸ்-சுகர் ஆய்வில், தீவிர சிகிச்சையில் 81–108க்குள் இறுக்கிய குழுவில் 27.5 சதவீதம் பேர் இறந்தார்கள், 180 வரை விட்ட குழுவில் 24.9 சதவீதம். கடுமையான தாழ்சுகர் 6.8 சதவீதத்துக்கு எதிராக 0.5. அதற்குப் பிறகு இறுக்கிப் பிடிக்கும் பழக்கத்துக்கு ஆதாரம் இல்லை.

முதலில் 240 உண்மைதானா என்று பாருங்கள். எந்தக் கையில் ட்ரிப் ஓடுகிறதோ அந்தக் கையிலிருந்து எடுத்த ரத்தம் என்றால் தூக்கிப் போட்டுவிட்டு மறு கையில் எடுங்கள்.

ஒரு மணி நேரத்தில் முடியும் சின்ன ஆபரேஷன் என்றால் தோலடியில் விரைவு இன்சுலின் போதும். ஒரு நாளைய மொத்த இன்சுலினால் 1800ஐ வகுத்தால் ஒரு யூனிட் எவ்வளவு இறக்கும் என்று வரும். நாளுக்கு 45 யூனிட் போடுபவருக்கு ஒரு யூனிட் 40 இறக்கும். 260இலிருந்து 140க்கு வர 3 யூனிட். போட்டு இரண்டு மணி நேரத்துக்குள் மறுபடி போடாதீர்கள். முதல் ஊசி இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும்போது இரண்டாவதும் சேர்ந்தால் இரண்டும் ஒன்றாக இறக்கிவிடும். உடல் குளிர்ந்திருந்தாலோ, நார்அட்ரினலின் ஓடினாலோ, ரத்தப்போக்கு இருந்தாலோ தோலடி ஊசி வேண்டாம். தோலில் ரத்த ஓட்டம் இல்லாதபோது அது அங்கேயே தங்கி, சூடு ஏறிய பிறகு ரெக்கவரியில் வேலையைக் காட்டும்.

நீண்ட ஆபரேஷன், டைப் 1, பெரிய ரத்தப்போக்கு என்றால் சிரிஞ்சு பம்ப்:

ரெகுலர் இன்சுலின் 50 யூனிட்டை சலைனில் கலந்து மொத்தம் 50 மி.லி. ஆக்குங்கள், 1 மி.லி.க்கு 1 யூனிட். இன்சுலின் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும், அதனால் 20 மி.லி.யைக் குழாய் வழியாக ஓடவிட்டு வெளியே கொட்டிய பிறகே நோயாளிக்கு இணையுங்கள். இதைச் செய்யாவிட்டால் முதல் ஒரு மணி நேரம் எதுவும் இறங்காது, "போதவில்லை" என்று வேகத்தைக் கூட்டுவீர்கள், பிறகு ஒட்டுவது நின்றதும் சுகர் சரசரவென்று இறங்கும்.

தொடக்க வேகம்: சுகரை 100ஆல் வகுங்கள். 240 என்றால் மணிக்கு 2.4 யூனிட். கூடவே 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் மணிக்கு 100 மி.லி., அதாவது 5 கிராம். சுகர் 250க்கு மேலே இருக்கும்வரை டெக்ஸ்ட்ரோஸைத் தள்ளிவைக்கலாம். பொட்டாசியம் இன்சுலினோடு செல்லுக்குள் போகும், எனவே தொடக்கத்திலும் பிறகு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும் பாருங்கள்.

மணிக்கொரு சாம்பிள், வேகத்தை மாற்றிய பிறகு அரை மணியில் ஒன்று. ஒரு மணியில் 100க்கு மேல் விழுந்தால் வேகத்தைப் பாதியாக்குங்கள். 100க்குக் கீழே வந்தால் டைப் 2வில் நிறுத்திவிடலாம். டைப் 1இல் முழுக்க நிறுத்தக் கூடாது, வேகத்தைக் குறைத்து டெக்ஸ்ட்ரோஸைக் கூட்டுங்கள். 70க்குக் கீழே என்றால் யாராக இருந்தாலும் பம்ப் நிற்க வேண்டும், 25 கிராம் குளுக்கோஸ் உடனே உள்ளே போக வேண்டும் (50 சதவீதம் என்றால் 50 மி.லி., 25 சதவீதம் என்றால் 100 மி.லி.), 15 நிமிடத்தில் மறு சாம்பிள். 50 சதவீதம் சிரைக்கு வெளியே கசிந்தால் திசு கருகும், நல்ல பெரிய கேனுலாவில் கொடுங்கள். டைப் 1இல் 100ஐத் தாண்டியதும் பம்பை மெதுவான வேகத்தில் மறுபடி தொடங்கிவிடுங்கள், இல்லையென்றால் கீட்டோன் (கொழுப்பு உடைவதால் சேரும் அமிலம்) தொடங்கும்.

சலைன்_பாட்டில்

நர்ஸ்கள் கவனிக்க வேண்டியதை நான் சேர்க்கிறேன்.

இன்சுலின் வயலில் 1 மி.லி.க்கு 40 யூனிட், 100 யூனிட் என இரண்டு வகை உண்டு. 40க்கான சிரிஞ்சில் 100 வயலை உறிஞ்சினால் இரண்டரை மடங்கு போகும். 50 யூனிட் என்றால் 100 வயலில் 0.5 மி.லி., 40 வயலில் 1.25 மி.லி. இரண்டு பேர் சேர்ந்து வாய்விட்டுப் படித்துத்தான் கலக்க வேண்டும்.

இன்சுலினும் டெக்ஸ்ட்ரோஸும் ஒரே கேனுலாவில், ஒருவழி வால்வோடு போகட்டும். தனித்தனி கையில் ஓடினால் டெக்ஸ்ட்ரோஸ் கை மடங்கி நின்றுவிடும், இன்சுலின் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். ஆளைப் பக்கவாட்டில் திருப்பும்போதும் தியேட்டரிலிருந்து ரெக்கவரிக்கு மாற்றும்போதும்தான் இது நடக்கும். டெக்ஸ்ட்ரோஸ் தீர்ந்த பாட்டிலைக் கழற்றி சலைன் மாட்டிவிடுவதும் இதே விபத்துதான். "இன்சுலின் ஓடுகிறது, டெக்ஸ்ட்ரோஸ் நிற்கக் கூடாது" என்று ஸ்டாண்டில் எழுதித் தொங்கவிடுங்கள்.

இரவுப்பணி

சாம்பிள் பற்றி இன்னொன்று, ஏனென்றால் இதில் உயிர் போயிருக்கிறது. ஆர்ட்டீரியல் லைனின் (தமனியில் போட்ட குழாய்) அடைப்பு வராமல் கழுவும் அழுத்தப் பையில் சலைனுக்குப் பதில் 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் மாட்டிவிட்டால் என்ன ஆகும்? கணக்கைப் பாருங்கள். 5 சதவீதம் என்றால் 1 மி.லி.யில் 50 மி.கி. சாம்பிளில் 0.1 மி.லி. கலந்தால் 5 மி.கி. மொத்தம் 2 மி.லி. சாம்பிள் என்றால் அது மட்டுமே 250 கூட்டும். நோயாளியின் உண்மைச் சுகர் 60 ஆக இருக்கும், மெஷின் 310 என்று காட்டும். இன்சுலின் கூட்டுவார்கள். அடுத்த சாம்பிளும் அதே லைனில்தான், அதுவும் உயரம் காட்டும். மறுபடி கூட்டுவார்கள். தூக்கத்தில் இருக்கும் ஆள் எதையும் சொல்ல மாட்டார். மூளைச் சேதத்தில் முடிந்த நிகழ்வுகளுக்குப் பிறகுதான் பிரிட்டனின் மயக்கவியல் சங்கம் 2014இல் தனி வழிகாட்டுதல் வெளியிட்டது: ஃப்ளஷ் பையில் சலைன் மட்டுமே. கொஞ்சம் ரத்தத்தைக் கழித்துவிட்டு எடுத்தால் போதும் என்று நம்ப வேண்டாம், கழித்த பிறகும் எச்சம் இருக்கும். பையைக் கண்ணால் பார்த்து, லேபிளைப் படித்து மாட்டுங்கள். எதிர்பாராமல் உயரம் காட்டினால் வேறு இடத்திலிருந்து எடுத்த சாம்பிள் ஒன்றைப் பார்த்த பிறகே இன்சுலினில் கை வையுங்கள்.

விரல் குத்தும் மீட்டரும் மேசையில் ஏமாற்றும். ஹெமட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) குறைந்தால், அதாவது ரத்தம் போனால், பல மீட்டர்கள் உண்மையை விட உயர்த்திக் காட்டும். ரத்த அழுத்தம் விழுந்து விரல் குளிர்ந்திருந்தால் எண்ணே நம்பத்தகாதது. அத்தகைய ஆளுக்கு ரத்த வாயு மெஷினில் வரும் குளுக்கோஸை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நாளமில்லி

என்னைப் பொறுத்தவரை இந்த இழையின் முக்கியமான பகுதி இதுதான். மயக்க மருந்து சுகரை ஏற்றுவது சின்னத் தொந்தரவு. அது தாழ்சுகரை மறைப்பதுதான் பெரிய ஆபத்து. விழித்திருக்கும் ஆளுக்கு 50 வந்தால் வியர்வை, நடுக்கம், பசி, உளறல் எல்லாம் வரும். மயக்கத்தில் உளறலும் நடுக்கமும் பசியும் கிடையாது. மிச்சமிருப்பது வியர்வையும் வேகமான நாடியும் ஏறும் ரத்த அழுத்தமும். அவற்றைப் பார்த்து "மயக்கம் போதவில்லை" என்று வாயுவைக் கூட்டினால் கடைசித் தடயமும் போய்விடும். பீட்டா பிளாக்கர் சாப்பிடுபவருக்கு நாடிகூட ஏறாது.

அதனால் இன்சுலினோ சல்ஃபோனைல்யூரியாவோ எடுத்தவருக்கு, காரணம் தெரியாத வியர்வை வந்தாலும், ஆபரேஷன் முடிந்து எழ வேண்டிய நேரத்தில் எழவில்லை என்றாலும், முதல் வேலை சுகர் பார்ப்பது. மிச்ச மருந்தா, கார்பன் டை ஆக்சைடா, தசைத் தளர்ச்சி மருந்தா என்று தேடுவதெல்லாம் அதற்குப் பிறகு. ஒரு சொட்டு ரத்தத்தில் பதில் கிடைக்கும் கேள்வியைத் தள்ளிப்போடாதீர்கள்.

தண்டுவட_ஊசி

முன்தயாரிப்பில், சிறுநீர் வழியாகக் குளுக்கோஸை வெளியேற்றும் எஸ்ஜிஎல்டி2 மாத்திரைகளைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் எல்லாம் இப்போது இதய நோய்க்கும் சிறுநீரக நோய்க்கும்கூடக் கொடுக்கிறார்கள். "சுகர் இருக்கா" என்று கேட்டால் "இல்லை" என்பார், மாத்திரை மட்டும் சாப்பிடுவார்.

நாளமில்லி

சரியாகப் பிடித்தீர்கள். அவற்றை ஆபரேஷனுக்கு 3 நாள் முன்பே நிறுத்த வேண்டும், எர்டுகிளிஃப்ளோசின் என்றால் 4 நாள். காரணம் சுகர் அல்ல, கீட்டோன். பட்டினியும் அறுவை அழுத்தமும் சேரும்போது, சிறுநீரில் குளுக்கோஸ் போய்க்கொண்டே இருப்பதால் ரத்தச் சுகர் 250க்குக் கீழேயே நிற்கும். ஆனால் உள்ளே கீட்டோ அசிடோசிஸ் ஓடிக்கொண்டிருக்கும்.

மேசையில் இது ஏன் தப்பிவிடுகிறது என்பதைக் கவனியுங்கள். விழித்திருப்பவர் ஆழமாக, வேகமாக மூச்சு வாங்கிக் கார்பன் டை ஆக்சைடை 20, 25 மி.மீ. பாதரசத்துக்கு இறக்கிச் சமாளிப்பார். நீங்கள் தூங்கவைத்து வெண்டிலேட்டரை வழக்கமான அளவில் வைத்து "40, நார்மல்" என்று திருப்திப்பட்டால் அந்தச் சமாளிப்பைப் பறித்துவிட்டீர்கள், பிஹெச் விழும். சலைன் நிறைய ஏற்றியதால் வந்த அமிலத்தன்மை என்று தள்ளிவிடவும் வாய்ப்புண்டு. அதில் குளோரைடு கூடியிருக்கும், அயனி இடைவெளி (சோடியத்திலிருந்து குளோரைடையும் பைகார்பனேட்டையும் கழித்த மிச்சம்) அதிகரிக்காது. கீட்டோனில் இடைவெளி கூடும். ரத்தக் கீட்டோன் 3 மில்லிமோலுக்கு மேல், பைகார்பனேட் 18க்குக் கீழ் என்றால் சந்தேகமே வேண்டாம். சிகிச்சைக்கு இன்சுலின் வேண்டும், சுகர் 150தான் இருந்தாலும் வேண்டும். சுகர் விழாமலிருக்க 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸைக் கூடவே ஓடவிடுங்கள். அவசர ஆபரேஷனில் நிறுத்த நேரம் இல்லையென்றால் தொடங்கும் முன்னும், பிறகு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும் கீட்டோன் பாருங்கள்.

மெட்ஃபார்மினை ஆபரேஷன் அன்று காலை மட்டும் விட்டால் போதும். நீண்ட நேர இன்சுலினை நிறுத்தாதீர்கள், 75 முதல் 80 சதவீதம் போடுங்கள். நடுத்தர நேரம் வேலை செய்யும் என்பிஹெச் இன்சுலின் என்றால் பாதி. டைப் 1 நோயாளியிடம் "நாளைக்குச் சாப்பாடு இல்லை, ஊசியும் வேண்டாம்" என்று ஒருவர் சொல்லி அனுப்பினால் மறுநாள் காலை 350உம் கீட்டோனுமாக வந்து நிற்பார்.

சலைன்_பாட்டில்

இடுப்பில் இன்சுலின் பம்ப் கட்டிக்கொண்டு வருகிறவர்களை என்ன செய்வது?

நாளமில்லி

இரண்டு மணி நேரத்துக்குள் முடியும் ஆபரேஷன், வெட்டுமிடத்திலிருந்து ஊசி தூரம், ரத்த ஓட்டம் நிலையாக இருக்கும் என்றால் அடிப்படை வேகத்தில் ஓடவிடலாம். டயதெர்மி (மின்கத்தி) தகடு பம்புக்கும் அதன் குழாய்க்கும் அருகில் வரக் கூடாது, படுக்கவைக்கும் நிலையில் பம்ப் உடலுக்கு அடியில் அமுங்கக் கூடாது. கழற்றுவது என்று முடிவெடுத்தால் முதலில் சிரை இன்சுலினைத் தொடங்கிவிட்டுப் பிறகு கழற்றுங்கள். பம்பில் நீண்ட நேர இன்சுலின் கிடையாது, கழற்றிய சில மணி நேரத்தில் கீட்டோன் ஏறும். கையில் ஒட்டியிருக்கும் சென்சார் எண்ணை மட்டும் வைத்து இன்சுலின் கொடுக்காதீர்கள். அமுங்கினாலும் குளிர்ந்தாலும் தவறு காட்டும், சுகர் வேகமாக மாறும்போது பின்தங்கும்.

செவோ_சந்தேகம்

கடைசியாக ஒன்று. ஆல்பா-2 இன்சுலினைப் பிடித்துவைக்கும் என்றால், அட்ரினலினைக் கொட்டும் ஃபியோக்ரோமோசைட்டோமா கட்டியை எடுத்த பிறகு என்ன நடக்கும்?

பீட்டாசெல்

கட்டி இருக்கும்வரை அட்ரினலினும் நார்அட்ரினலினும் ஆல்பா-2 வழியாக பீட்டா செல்லை அமுக்கிவைத்திருக்கும், கல்லீரலும் குளுக்கோஸைக் கொட்டிக்கொண்டிருக்கும். பலருக்கு சுகர் உயர்ந்தே இருக்கும். அட்ரினல் சிரையைக் கட்டிய நிமிடத்தில் அந்தப் பிடி விடுகிறது. அடங்கியிருந்த இன்சுலின் ஒரேயடியாக வெளிவரும், கல்லீரலில் கிளைக்கோஜனும் கரைந்துபோயிருக்கும். சுகர் விழும். முன்தயாரிப்பில் கொடுத்த பீட்டா பிளாக்கர் அடையாளங்களை மறைக்கும், மிச்ச மயக்கமும் மறைக்கும். எனவே கட்டி வெளியே வரும் முன்பு உயர்ந்த சுகருக்காக ஓடிய இன்சுலினை சிரை கட்டும்போதே நிறுத்திவிடுங்கள். முதல் சில மணி நேரம் அரை மணிக்கு ஒருமுறை, பிறகு மணிக்கு ஒருமுறை, 24 மணி நேரம் பாருங்கள். 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸைக் கையில் தயாராக வைத்திருங்கள், இறங்குமுகம் தெரிந்ததும் தொடங்கிவிடலாம்.

இன்சுலினோமாவில் இது அப்படியே தலைகீழ். கட்டியை எடுத்ததும் சுகர் ஏறத் தொடங்கும், ஓடிக்கொண்டிருந்த டெக்ஸ்ட்ரோஸைக் குறைக்க வேண்டும். அங்கே கட்டி முழுதாக வந்ததா என்பதற்கு அந்த ஏற்றம் ஒரு துப்பு, ஆனால் ஓடும் டெக்ஸ்ட்ரோஸாலும் வாயு மயக்கத்தாலும் ஏறலாம் என்பதால் அதை மட்டும் நம்பி வயிற்றை மூடிவிடக் கூடாது.